டீசலுக்கு வெள்ளைப் பூ

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் தாராவிப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் பிக்கப் வண்டி வாங்கிப் பார் என்பதையும் சேர்த்திருப்பார்கள். பூமாரி ஒரு சின்ன பிக்கப் வாங்கப் போகிறாள் என்று தெரிந்த நாள் முதல் அந்தக் கல்லியில், அந்தக் குறுகல் சந்தில், வாய் இருந்தவர்கள் எல்லாரும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாதவன்கூட, "டீசல்தான் எடுக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். மாட்டுங்காவில் மெஸ் நடத்தும் திருவேங்கடம் ஸ்கூட்டருக்கு மேல் எதையும் தொட்டதில்லை. அவரும் அவளிடம் இட்லியை வாங்கி வைத்துக்கொண்டே, "டீசல்னா மைலேஜ் ஜாஸ்தியா குடுக்கும்மா, நன்னா யோசிச்சுக்கோ" என்றார்.

யோசிக்காமலா இருந்தாள்? ஒரு வருஷமாக அவளுக்கு வேறு யோசனையே இல்லை.

பூமாரியின் தொழில் இட்லி. கல்லிக்குள் இரண்டு அறை. ஒன்றில் அவள் கணவன் ராஜபாண்டி மாவு அரைப்பான். இன்னொன்றில் அவளும் இரண்டு பெண்களும் அவித்துக் கொட்டுவார்கள். விடிவதற்குள் லேபர் கேம்ப் பகுதிக் கடைகளுக்கு, அப்புறம் மாட்டுங்கா மெஸ்ஸுக்கு, அப்புறம் செம்பூர், கடைசியில் அணுசக்தி நகர் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக் கடைகளுக்கு. இட்லி சூடாகப் போய்ச் சேர்ந்தால் காசு, ஆறிப் போனால் வசவு. இத்தனையும் ஒரு வாடகை டெம்போக்காரன் தயவில் நடந்தது. அவனுக்குத் தோன்றினால் வருவான், தோன்றாவிட்டால் போனை அணைத்துவிட்டுத் தூங்குவான். ஒரு நாள் அப்படி அவன் தூங்கிய தூக்கத்தில் அத்தனை இட்லியும் அண்டாவிலேயே ஆறியது. அன்றைக்கே பூமாரி செம்பூரில் டிரைவிங் சொல்லித் தரும் சாயிராவிடம் போய்ப் பேரைக் கொடுத்துவிட்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

வண்டி எது என்பதிலும் அவளுக்குக் குழப்பமில்லை. கேஸ் வண்டியை அவளே தள்ளிவிட்டாள், பம்ப்பில் வரிசை நின்றே பொழுது போய்விடும். மிச்சம் டீசல், பெட்ரோல். டீசல் மோசமான வண்டி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தூரம் போகிறவனுக்கு, பாரம் இழுக்கிறவனுக்கு அது தங்கம். அவளுடைய வண்டியோ கல்லி முனையில் நின்று, நாக்கா சிக்னலில் நின்று, கடைக்குக் கடை நின்று, மொத்தமாகப் பார்த்தால் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். விலையும் டீசலுக்குத்தான் கூட. அந்தக் கூடுதல் காசை அவளுடைய ஓட்டத்தில் மைலேஜ் திருப்பித் தருவதற்குள் அவள் தலை நரைத்துவிடும். சாயிராவும் அதையேதான் சொன்னாள். ஆகவே பெட்ரோல். சீட்டு எடுத்து முன்பணம் கட்டப் போவது அவள், வங்கிக் கடன் அவள் பேரில், ஓட்டப் போவதும் அவள். வேறு யாருக்கு இதில் என்ன பேச்சு?

பேச்சு இருந்தது கணேசபாண்டியனுக்கு.

கணேசபாண்டியன் ராஜபாண்டியின் அண்ணன். கல்லி முனையில் பங்கார் கோடவுன் வைத்திருந்தார். பழைய இரும்பு, பிளாஸ்டிக், எண்ணெய் டப்பா எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள். அவருடைய மகம் நட்சத்திரம் அந்தக் கல்லியை மட்டும் ஆண்டது. தம்பிக்குப் பெண் பார்த்தது அவர், தம்பி பிள்ளைக்குப் பேர் வைத்தது அவர், தம்பி வீட்டுக்கு எந்த கிரைண்டர் என்று சொன்னதும் அவர். அந்த கிரைண்டர் ஆறு மாதம்கூட உழைக்கவில்லை என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"டீசல் எடுளா," என்றார் அவர், வாசலில் வந்து நின்றுகொண்டு. "காலைல உன் இட்லி. மத்தியானம் நம்ம பங்கார கல்யாண் ஊர் வரைக்கும் அடிச்சிரலாம். வண்டி சும்மா நிக்கப்பிடாது பாத்துக்கோ. ஹரி ஓட்டுவான், அவனும் வீட்ல சும்மாதான கெடக்கான்."

ஹரி அவருடைய மகன். இருபத்தைந்து வயசு. எந்த வேலையிலும் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை.

"நான் லைசென்ஸ் எடுத்திருக்கேன் அத்தான்," என்றாள் பூமாரி.

"எடுத்தா? பத்திரமா பெட்டில வையி."

ராஜபாண்டி மாவுக் கையோடு நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நல்லவன்தான். ஆனால் அண்ணன் முன்னால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பூமாரி கோடவுன் பக்கம் பார்த்தாள். எண்ணெய் டப்பா உருட்டிய பின்தட்டில் மறுநாள் இட்லி அண்டாவை ஏற்றுவதா? அவள் சீட்டுக் கட்டி வாங்கும் வண்டியில், அவள் சீட்டிலேயே ஹரி காலை நீட்டி உட்காருவதா? டீசலா பெட்ரோலா என்பதெல்லாம் மேலுக்குத்தான். ஸ்டீயரிங் யார் கையில் என்பதுதான் கேள்வி.

"நான் பெட்ரோல்தான் எடுக்கேன்," என்றாள்.

"ஆகட்டும்," என்று சிரித்தார் கணேசபாண்டியன். "நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். முத்துமாரியம்மங்கிட்ட பூக் கட்டிப் பாத்துருவோம். அம்மா சொல்லிட்டா அப்புறம் ஒருத்தரும் வாய் தொறக்கப்பிடாது."

வெள்ளிக்கிழமை தெருக் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கணேசபாண்டியனே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். பூசாரி சுடலைக்கண்ணன் ஒரு வெற்றிலையில் நந்தியாவட்டையையும் இன்னொன்றில் செவ்வரளியையும் மடித்து, அடையாளம் தெரியாதபடி நூல் சுற்றினார். வெள்ளை வந்தால் டீசல், சிவப்பு வந்தால் பெட்ரோல். நல்ல சகுனமான வெள்ளையை டீசலுக்கு வைத்ததும் கணேசபாண்டியன்தான்.

"யாருக்குக் கேக்கோம்? பேரு, நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

பூக் கட்டிப் பார்ப்பதில் அதுதான் முக்கியம். கேட்கிறவர் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் பொட்டலத்தை அம்மன் காலடியில் போட வேண்டும். வருகிற உத்தரவு அந்தப் பேருக்கு. கேட்டுவிட்டு மீறக் கூடாது.

வண்டி வாங்குகிறவள் பூமாரி. நியாயமாக அவள் பேரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்தில் அவள் பேரைக் கோயிலில் யாரும் சொல்வதில்லை. அவள் நட்சத்திரம் கேட்டை. கேட்டை நட்சத்திரத்துக்காரி புருஷனின் மூத்த சகோதரனுக்கு ஆகாதாம். யார் கண்டுபிடித்தார்களோ, கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஜாதகத்தைப் புரட்டிய எவரோ சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணேசபாண்டியன் ஏணியிலிருந்து விழுந்து கால் பிசகியதற்கும், இரும்பு விலை இறங்கியதற்கும், ஹரி பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டதற்கும் அவளுடைய நட்சத்திரம்தான் காரணம். அவள் பேருக்கு அர்ச்சனை கிடையாது. அவள் பிள்ளையின் காதுகுத்துக்குக்கூட, பெரியப்பன் பேரையும் மகத்தையும் சொல்லித்தான் பூசை நடந்தது. அன்று அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். கற்பூரப் புகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்றும் கணேசபாண்டியன் பழக்கதோஷத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "கணேசபாண்டியன். மகம்."

பூமாரி திருத்தத்தான் வாயெடுத்தாள். வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அவளுக்கு உள்ளே என்னவோ சில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது.

சுடலைக்கண்ணன் பேரைச் சொல்லிப் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். யாரோ ஒரு வீட்டுச் சின்னப் பெண் குனிந்து ஒன்றை எடுத்தாள். நூலைப் பிரித்தார்.

வெள்ளை.

"பாத்தியளா!" என்று கையைத் தட்டினார் கணேசபாண்டியன். "அம்மா சொல்லிட்டா. டீசல்! இனி என்னளா சொல்லுத?"

எல்லாரும் பூமாரியைப் பார்த்தார்கள். அவள் நிதானமாகக் குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"நான் என்ன சொல்லதுக்கு இருக்கு அத்தான்? அம்மா வாக்கு. எப்ப வாங்கப் போறீய?"

"என்னது?"

"டீசல் வண்டி. எப்ப வாங்கப் போறீய?"

"நான் எதுக்குளா வாங்கணும்?"

"அம்மா உங்களுக்குல்லா உத்தரவு குடுத்திருக்கா. கணேசபாண்டியன், மகம். பூசாரியய்யா, நான் சொல்லதுல தப்பு உண்டா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். ஆனால் சுடலைக்கண்ணனுக்குத் தொழில் சுத்தம் முக்கியம். இன்றைக்கு இதை மாற்றிச் சொன்னால் நாளைக்கு எவன் பூக் கட்ட வருவான்? அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பேரு நீங்கதான சொன்னீய அண்ணாச்சி. உத்தரவு உங்க பேருக்குத்தான். வாங்கித்தான் ஆகணும்."

கூட்டத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கணேசபாண்டியனுக்கு முகம் கறுத்தது. "அப்ப அவ பேரச் சொல்லித் திரும்பக் கட்டும்," என்று கத்தினார்.

"கட்டலாமே," என்றாள் பூமாரி. "என் நட்சத்திரம் என்னன்னு நீங்களே சொல்லிக் கட்டச் சொல்லுங்க. சந்நிதியில வச்சு, எல்லாரும் கேக்க."

அவர் வாயைத் திறந்தார். கேட்டை என்கிற வார்த்தை தன் வாயால் வந்தால் தன் தலையிலேயே விழும் என்று பயந்து திரும்ப மூடிக்கொண்டார். பயம் கோபமாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பொட்டச்சி ஸ்டீயரிங் பிடிக்கதும் ஒரு குடும்பமா? வாங்கு, போ! என் கோடவுன் வாசல்ல உன் பெட்ரோல் வண்டி ஒரு நிமிஷம் நிக்காது, சொல்லிட்டேன்!"

"நிக்கதுக்கா அத்தான் வண்டி வாங்குதேன்? ஓட்டதுக்குல்லா வாங்குதேன்." அவள் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டுவிட்டாள். "டீசல் நல்ல வண்டிதான். நான் அத வேண்டாங்கல. நீங்க ஏறி உக்காரப் போற வண்டிதான் எனக்கு வேண்டாம். இத்தன வருசம் எம் பேரு மட்டும் உங்களுக்கு ஆகல, என் காசு மட்டும் ஆகுமோ?"

கணேசபாண்டியன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். இடது காலும் வலது காலும் மாறியிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ராஜபாண்டி மெதுவாகக் கேட்டான். "ஒருவேள உம் பேரச் சொல்லிக் கேட்டு, அப்பவும் வெள்ளப் பூவே வந்திருந்தா?"

"நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"ஏன்?"

"தெரியாததத்தான் சாமிகிட்ட கேக்கணும். எனக்கே நல்லாத் தெரிஞ்சத எதுக்கு அவகிட்ட கேக்கணும்? அவளுக்கு வேற சோலி இல்லையா?"

ராஜபாண்டி சிரித்தான். சிரித்துவிட்டு அரிசியை இன்னொரு தரம் களைந்தான். "காதுகுத்துக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்," என்றான். பூமாரி உளுந்தை எடுத்தாள். தொறந்திருக்கணும்தான், அதில் என்ன சந்தேகம்? அதை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

வண்டி வந்தது. வெள்ளைப் பெட்ரோல் பிக்கப், பின்தட்டில் அண்டா நகராமல் இருக்கக் குறுக்குக் கம்பி. வண்டி நிறுத்தக் கோடவுன் வாசல் இல்லையென்று ஆனதும் லேபர் கேம்ப் இட்லிக் கடைக்காரி ஒருத்தி தன் கடை ஓரத்தில் இடம் கொடுத்தாள். அங்கிருந்து கல்லிக்குத் தினமும் நடக்க வேண்டும். நடந்தால் போயிற்று. டீசல் வண்டி மட்டும் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் திருநீறு கொடுக்கும்போது சுடலைக்கண்ணன், "அண்ணாச்சி, அம்மன் உத்தரவு பாக்கி நிக்கி" என்று நினைவுபடுத்துவதாகவும், கணேசபாண்டியன் இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதாகவும் கேள்வி.

வண்டி வந்த அன்று நடந்த பூசைக்குக் கணேசபாண்டியனும் வந்தார். வராவிட்டால் ஊர் பேசும். கோடவுன் ஆட்கள் நான்கு பேருடன் வண்டிக்கு நேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சுடலைக்கண்ணன் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு, கை போன போக்கில், "கணேசபாண்டியன், மக நட்..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்தும்," என்றான் ராஜபாண்டி.

அவன் குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டது. "பூமாரின்னு சொல்லும். வண்டி அவளது."

சுடலைக்கண்ணன் தட்டை நிறுத்தினார். "நட்சத்திரம்?"

ராஜபாண்டிக்கு அதற்கு மேல் வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவனால் முடிந்தது அவ்வளவு. அந்த அளவுக்கு வந்ததே பூமாரிக்குக் கண்ணைக் கரித்தது. இன்றைக்குக் கற்பூரப் புகை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

அவள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரி செய்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கேட்டை," என்றாள். "சத்தமாச் சொல்லும் பூசாரியய்யா. கல்லி முழுக்கக் கேக்கணும்."

"பூமாரி நாமதேயஸ்ய, கேட்டை நட்சத்திரே..." என்று சுடலைக்கண்ணன் உரக்கவே சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. கணேசபாண்டியன் கால் தடுக்கியும் விழவில்லை, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தேங்காய் உடைந்தது.

பூமாரி சாவியைத் திருகினாள். எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது. முதல் கியரைப் போட்டு, ஹார்னை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒதுங்கி நில்லுங்க அத்தான்," என்றாள். "கேட்டை வருது."