வஹீதாவின் சிரிப்புக்கு ஓர் உவமை

“வஹீதா சிரிக்கறது எதை மாதிரி இருக்கு, சொல்லு?” என்று பானுமதி டீச்சர் ஒருநாள் யமுனாவைக் கேட்டார்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்பில் அன்று உவமைப் பாடம். நிலா, தாமரை, மயில் மூன்றையும் டீச்சர் முதலிலேயே தடை செய்துவிட்டதால் பலருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. “சூரியன வெச்சுக்கலாமா டீச்சர்?” என்று ரெங்கராஜ் கேட்டுப் பார்த்தான். அதுவும் கிடையாது என்றார்.

யமுனா வகுப்பில் வாய் திறக்கிறவள் அல்ல. அவளுக்கு இருந்தது ஒரே தோழி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வஹீதா. கேள்வி அவளைப் பற்றியது என்பதால் பதில் தானாக வந்துவிட்டது.

“பழைய ஆட்டோ ஸ்டார்ட் ஆகற மாதிரி டீச்சர். ரெண்டு தடவ இழுக்கும், அப்புறம்தான் புடிச்சுக்கும்.”

வகுப்பே சிரித்தது. வஹீதாவும் சிரித்தாள், சொன்னபடியே. டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே யமுனாவின் பெயரையும் போட்டார்.

மறுநாள் உருவகம். “மாதிரி, போல எல்லாத்தையும் எடுத்துடணும். இதுதான் அதுன்னு அடிச்சுச் சொல்லணும்” என்றார் டீச்சர்.

“வஹீதா ஆட்டோ” என்றான் ரெங்கராஜ்.

“சிரிப்புதான்டா ஆட்டோ. அவ இல்ல” என்று டீச்சர் திருத்தினார்.

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இடைவேளையில், “ஆட்டோ, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருமா?” என்று ஒருத்தி கேட்டாள். “மீட்டர் போடச் சொல்லுடி” என்றாள் இன்னொருத்தி. ஒரு பாடத்தை அந்த வகுப்பு இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டது அதுவே முதல் முறை.

வஹீதா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். யமுனாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்த வாரம் தலைமையாசிரியை மயிலம்மாள் வகுப்புக்கு வந்து, யாராவது ஓர் உவமை சொல்லுங்கள் என்றார். பானுமதி டீச்சர் பெருமையோடு யமுனாவை எழுப்பிவிட்டார். “அன்னிக்குச் சொன்னியே, அதையே சொல்லும்மா.”

யமுனா வஹீதாவைப் பார்த்தாள். வஹீதா பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வஹீதா சிரிப்பு நிலா மாதிரி” என்றாள் யமுனா.

“வெரி குட்” என்ற மயிலம்மாள், எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பானுமதி டீச்சர் மட்டும் தட்டவில்லை.

சாயங்காலம் மணி அடித்து வகுப்பு காலியான பிறகு வஹீதா வாய் திறந்தாள்.

“நிலா சத்தம் போடுமாடி?”

“போடாது.”

“அப்ப ஏன் அப்படிச் சொன்ன?”

“நீ பேசணும்னுதான்.”

வஹீதா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இப்ப யாரும் இல்ல. நெஜமாச் சொல்லு. நான் சிரிச்சா எப்படி இருக்கும்?”

நிலா என்றே சொல்லியிருக்கலாம். மயிலம்மாளே ஒப்புக்கொண்ட நிலா. யமுனா நன்றாக யோசித்துப் பார்த்தாள். வேறு எதுவும் பொருந்தவில்லை.

“ஆட்டோ மாதிரிதான்” என்றாள். சற்றுப் பொறுத்து, “நல்ல ஆட்டோ” என்றும் சொன்னாள்.

வஹீதா இருவருக்கும் பொதுவாக இருந்த ஸ்கேலைப் பைக்குள் போட்டாள். பிறகு அதை வெளியே எடுத்து, எப்போதும்போல் பெஞ்சின் நடுவில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.