எடை எழுதாமல் கையெழுத்து இல்லை

சோதனைத் திட்டம் பலகையில் ஏறிவிட்டது. கம்பெனி புதிதாகச் செய்த வைஃபை ரவுட்டர்களில் ஒன்று செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். பக்கத்து ரேடியோவைக் கெடுக்கிற மாதிரி மின்காந்த இரைச்சல் கிளப்புகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். தேறினால்தான் கிடங்கில் அடுக்கியிருக்கும் ஆயிரம் பெட்டியும் விற்பனைக்குப் போகும். அனுப்புகிற பெட்டியை அந்த அடுக்கிலிருந்து பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி உருவியதாகச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் கிடங்குக்காரக் கிழவர்.

மேலாளர் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். கிழவரின் மகளைக் கட்டியவர் அவர்.

"மாமா, இதைத்தான் அனுப்புறோம். ஒரு கையெழுத்து."

கிழவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒட்டியிருக்கிற லேபிளை நம்ப மாட்டார். கொண்டு வருகிற ஆளையும் நம்ப மாட்டார். உள்ளே வருவது திருகாணியானாலும் நிறுத்துத்தான் எடுப்பார். அதற்காக அவரைக் கேலி பண்ணாத ஆளில்லை. பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"நானூத்தி நாப்பது கிராம். என் கிடங்குல எல்லாமே நானூத்திப் பத்து. இது மட்டும் எதைத் தின்னு கொழுத்துச்சு மாப்ள?"

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. "வயர்ல இரைச்சலைத் தடுக்குற ஃபெரைட் வளையம் ரெண்டு மாட்டியிருக்கோம். பாஸாகணும்ல?"

"அப்ப மத்த ஆயிரத்துக்கும் மாட்டுங்க."

"ஒரு மாசம் ஆகும். தேதி தப்பினா என் வேலை போயிடும். உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுதான் சொல்றேன். அவ புருஷன் களவாணின்னு பேர் வாங்கக் கூடாது."

"கையெழுத்துப் போடலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க!"

"போடலைன்னு யார் சொன்னா?"

சீட்டை இழுத்தார். இந்தப் பெட்டி 440, மற்றவை 410 என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார். "இந்தாங்க. அனுப்புங்க பாப்போம்."

இந்தச் சீட்டோடு போனால், எடை ஏன் கூடியது என்று பரிசோதனைக்கூடத்தில் குடைந்து எடுத்துவிடுவார்கள். வேறு சீட்டு போட்டாலும் கிழவரின் இதே கைதான் எழுத வேண்டும். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பலகைக்குப் போனார். செவ்வாயை அழித்தார். அடுத்த மாதத் தேதியை எழுதினார்.

"முதலாளிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

"வரேன். தராசையும் தூக்கிட்டு வரேன்."