பரணுக்குப் போட்ட கோடு

அறுபத்து மூன்றாம் வருஷ மழைக்கு முன்னால், ஊரிலிருந்து வரும் தம்பிகள் படுக்கத் தன் தாராவி ரூமில் மரப்பரண் போட நினைத்தார் நெல்லையப்பன். கூரையை உயர்த்த வழியில்லை. பரணைத் தாழ்த்தினால்தான் மேலே உட்காரவாவது முடியும். காண்ட்ராக்டர் நஜிமுதீனுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான், வீட்டு ஆம்பிளையின் உயரம். நெல்லையப்பனைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேல் இரண்டு விரல் விட்டுக் கரிக்கோடு போட்டார்.

"போதும்லா அண்ணாச்சி? இடிக்காது."

"போதும் பாய்."

அப்போது ஆறுமுகத்தாய் உப்பு ஜாடியை எடுக்க எழுந்து நிமிர்ந்தாள். அவள் உச்சி கோட்டைத் தாண்டி நின்றது. மனைவி தன்னைவிட நாலு விரல் உயரம் என்பது, பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காத சங்கதி. காலையில் தோல் ஷாப்புக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார் நெல்லையப்பன். பகல் முழுக்க இங்கே நிற்கிறவள் அவள்தானே! தன் மண்டையிலேயே நாலு போட வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"பாய், அதை அழிச்சிரும். இவ உசரத்துக்குப் போடும்."

"மேல தம்பிமாருக்கு முதுகு வளையுமே?"

"படுக்கத்தான போறானுவ. வளையட்டும்."

ஆறுமுகத்தாய் சுவரோரம் வந்தாள். அவர் பக்கத்தில் எப்போதும் நிற்பதுபோலவே, தோளைக் குறுக்கி, கழுத்தைத் தாழ்த்தி நின்றாள்.

"நல்லா நிமிந்து நில்லுட்டி," என்றார் நெல்லையப்பன்.