பல்சக்கரச் சட்டை

அண்ணனின் சட்டையைக் கொடுக்கும்போதே அண்ணி கறாராகச் சொல்லியிருந்தாள். "கறை பட்டா பரவாயில்ல. அவர் சட்டையில கறை இல்லாத நாள் ஏது? கிழியக் கூடாது, அவ்வளவுதான். அவர் வந்தா போட்டுக்கணும். கேட்டுச்சா, காயலாங்கடைக்காரி?"

பழைய சாமான்களைப் பொறுக்கிவந்து கலைப்படைப்பு செய்யும் நாத்தனாருக்கு அண்ணி வைத்த பெயர் அது. அண்ணன் வண்டிப் பட்டறை வைத்திருந்தான். போன வருடம் உதிரிபாகம் வாங்கக் கிளம்பியவன், போனவன் போனவன்தான்.

தங்கை கண்காட்சிக்காக அந்த வெள்ளைச் சட்டையை வினிகரில் நனைத்தாள். பட்டறையில் கிடந்த பல்சக்கரங்களை அதன்மேல் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினாள். வினிகர் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த இரும்பு நூலுக்குள் இறங்கி, காற்றுப் பட்டதும் அங்கேயே துருவாக உட்கார்ந்துகொள்ளும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் துணியில் அச்சாக விழுந்திருக்கும். முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் ஆழ்ந்த பழுப்பு. வேண்டிய நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கிவிட வேண்டும். தாமதித்தால் புளிப்பும் துருவும் சேர்ந்து நூலையே அரித்துவிடும்.

அவளுக்குத் தெரியாததா? ஆரஞ்சு வந்தபோது கை சோடா டப்பாவரை போனது. அந்தப் பழுப்பையும் பார்த்துவிட வேண்டுமென்று மனசு இழுத்தது. விட்டுவிட்டாள்.

பழுப்பும் வந்தது. சோடாவில் முக்கக்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை. பட்டறைக் கதவின் தகரத் துண்டுகளை ஓரங்களில் ஒட்டிவைத்திருந்த பலகையில் குண்டூசியால் சட்டையைப் பொருத்தியபோது அவளுக்கே சிலிர்த்தது. காலரைச் சரிசெய்யப் போனாள். விரல் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

பின்பக்கம் பசை தடவிப் பலகையோடு ஒட்டிவிடலாம். யாரோ விலைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்று அண்ணியிடம் சொல்லிவிடலாம். பசை டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நான் பார்க்கக் கூடாதா?"

அண்ணி பலகையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அடிப்பாவி, அவர் பட்டறையே வந்து நிக்குதே!" என்று சட்டைப் பையைத் தொடப்போனாள்.

"தொடாதீங்க அண்ணி. துணி செத்துப்போச்சு. சீக்கிரமே சோடாவுல போட்டிருக்கணும். தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. "அவர் வரமாட்டார்னு நீ முடிவு பண்ணிட்ட. அதான் விட்டுட்ட."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து நின்றபோது, இதைப் போட ஓர் ஆள் உண்டு என்ற நினைப்பே தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இனிமே அரிக்காம நிறுத்த முடியுமா?"

"முடியும். ஆனா எடுத்தா கிழியும். நாளைக்கு இதை எடுத்துட்டுப் போக கண்காட்சிக்காரங்க வர்றாங்க..."

அண்ணி காதில் வாங்கவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சட்டையின் ஒரு கை மட்டும் பிய்ந்து பலகையிலேயே தங்கிவிட்டது. "அது உன்னுது. அதைக் காட்டிக்கோ."

அண்ணி சட்டையை இறக்க, வாளியிலிருந்த சோடாத் தண்ணீர் மெல்ல நுரைத்தது. உதவப்போனவளின் கையை அண்ணி தட்டிவிட்டாள். "எப்படின்னு மட்டும் சொல்லு."

"கீழே கை கொடுத்துத் தாங்குங்க அண்ணி. பிழிஞ்சிடாதீங்க. நுரை நிக்கிறவரைக்கும் விடாதீங்க."