நூறு வாட் ஆள்

ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று வீட்டில் நான் சொன்னது பொய்யில்லை. உள்ளேயேதான் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு.

அரசாங்கப் பணத்தில் நடக்கும் பெரிய அறிவியல், தொழில் ஆராய்ச்சி நிறுவனம் அது. ஊருக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு கவலை. ஒரு கிளையில் ரப்பரை இழுத்து இழுத்து எப்போது அறும் என்று பார்ப்பார்கள். இன்னொன்றில் ஓர் இயந்திரம் ஒரே கதவை லட்சம் தடவை திறந்து மூடும். எங்கள் கிளைக்குக் கட்டடம். வளாகத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி, புல்வெளி நடுவே ஒற்றை அறை வீடு ஒன்று இருந்தது. சுவரெல்லாம் செங்கல் இல்லை, புதிதாகக் கண்டுபிடித்த பலகை. குளிர்காலத்தில் உள்ளிருக்கும் சூட்டை அந்தப் பலகை எவ்வளவு வெளியே விடும் என்று பார்க்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு ஆள் வேண்டும்.

விளம்பரம் வந்தது. குடியிருப்பாளர், ஒருவர். தகுதி: பட்டப்படிப்பு. வேலை: தொண்ணூறு நாள் உட்கார்ந்திருத்தல். கல்லூரியில் மூன்று வருடம் வேறென்ன செய்தேன்? முன்னனுபவம் உண்டு என்று எழுதிப்போட்டேன். கிடைத்துவிட்டது.

உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறக்குறைய நூறு வாட் சூடு விடுவானாம். எனவே அறிக்கையில் எனக்குப் பெயர் கிடையாது. 'உள் வெப்ப மூலம்: ஒன்று.' காலை ஏழிலிருந்து எட்டு வரையும் மாலை ஆறிலிருந்து ஏழு வரையும் நான் வெளியே போகலாம். அந்த நேரத்தில் என் நாற்காலிக்கு மேலே தொங்கும் நூறு வாட் பல்பு தானாக எரியும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஆராய்ச்சியை நடத்தும் விஞ்ஞானி மேடத்துக்குப் பல்பின் மேல் என்னைவிட நம்பிக்கை அதிகம்.

"பல்புக்குக் காய்ச்சல் வராதுப்பா" என்றார் முதல் நாளே. "உனக்கு வந்தா சொல்லு, கணக்குல கழிக்கணும்."

மற்ற நேரத்தில் கதவைத் திறக்கக் கூடாது. இன்னொரு ஆள் உள்ளே வரவே கூடாது. எனக்கு முன்னால் இருந்தவன் அறுபத்தோராம் நாள் நண்பனைக் கூட்டிவந்து மேட்ச் பார்த்திருக்கிறான். கிராஃபில் இரண்டு பேர் சூடு தெரிந்தது. கோல் விழுந்து இருவரும் குதித்த நிமிடம்கூடத் தெரிந்ததாம். அவனை அனுப்பிவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினார்கள். அந்த முதல் நாள்தான் நான்.

முப்பதாம் நாள்வாக்கில் வெளியே கிளம்பும்போது பல்பிடம் "போய்ட்டு வரேன்" என்று சொல்லத் தொடங்கினேன். ஐம்பதாம் நாள் அது பதில் சொல்லாதது மரியாதைக் குறைவாகப் பட்டது. எழுபதாம் நாள் சண்டை போட்டு, மறுநாள் நானே இறங்கிப்போய்ப் பேசினேன். என்ன இருந்தாலும் சக ஊழியர்.

அம்மா தினமும் போன் செய்வாள்.

"என்னடா கண்டுபிடிச்சே?"

"இன்னும் இல்லம்மா."

"அவசரப்படாதே, மெதுவாக் கண்டுபிடி. சாப்பிட்டியா?"

மகன் விஞ்ஞானி என்று தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள். நான் திருத்தவில்லை. தொண்ணூறு நாளும் ஒழுங்காக முடிந்தால் ஆய்வு உதவியாளர் வேலை தருவதாக மேடம் சொல்லியிருந்தார். அது கிடைத்துவிட்டால் என் பொய் தானே வளர்ந்து உண்மையாகிவிடும். பொய்யைச் சொன்னவன் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தால் போதும்.

எண்பத்து நாலாம் நாள், புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஜன்னலில் அப்பா நின்றார்.

அப்பா லாரி டிரைவர். நான் சின்ன வயதில் அவரைப் பார்த்ததைவிட அவர் வந்துபோன அடையாளத்தைப் பார்த்ததுதான் அதிகம். பள்ளிக்கூடம் விட்டு வருவேன். கொடியில் டீசல் வாசனையோடு ஒரு துண்டு காயும். தலையணையில் குழி இருக்கும். அப்பா வந்திருக்கிறார், போய்விட்டார் என்று தெரிந்துகொள்வேன். யோசித்துப் பார்த்தால் அப்போதே நான் ஆராய்ச்சியில்தான் இருந்தேன்.

ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சத்தம் கேட்காது. அப்பாவின் வாய் அசைந்தது. நான் காதைக் காட்டிக் கையை விரித்தேன். அவர் போனை எடுத்தார். இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு போனில் பேசினோம்.

"டேய், கதவைத் திற. குளிருது."

"திறக்க முடியாதுப்பா."

"வெளிய பூட்டிட்டாங்களா?"

"இல்ல, தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கு. திறந்தா ஆராய்ச்சி கெட்டுடும்."

அப்பா கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து உள்ளே பார்த்தார். கட்டில், மேஜை, நாற்காலி, பல்பு. வேறொன்றும் இல்லை. குழாய், குடுவை, புகை என்று ஏதாவது எதிர்பார்த்து வந்திருப்பார் போல.

"மெஷினெல்லாம் எங்க?"

"வெளிய ஷெட்ல இருக்கு."

"அப்போ நீ உள்ள என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

"உக்காந்து?"

"என் உடம்புச் சூட்டை அளக்கறாங்கப்பா."

"நீ எதையும் அளக்கறதில்லையா?"

"இல்ல."

அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்தார். உள்பக்கம் நானும் துடைத்தேன், அங்கே மங்காவிட்டாலும்.

"லாரி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா, எம்புள்ள சயின்டிஸ்ட்னு. அந்தக் கிளீனர் பையன் உன்கிட்ட ஏதோ சந்தேகம் கேக்கணும்னு நம்பர்கூட வாங்கியிருக்கான்."

நான் பல்பைப் பார்த்தேன். உதவிக்கு வரவில்லை.

"ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் வெளிய விடுவாங்கப்பா. இருங்களேன்."

"மூணு மணிக்கு லோடு இறக்கணும்." போனைக் காது மாற்றினார். "ஜெயில்ல இருக்கறவனைக்கூட மனுப் போட்டுப் பாக்கலாம்டா."

"இது அரசாங்க ஆபீஸ். மனுப் போட்டா நான் வெளிய வந்தப்புறம்தான் அனுமதி வரும்."

அப்பா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத என் முதல் ஜோக் அது.

"சரி, இரு" என்றார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எப்போதும் சொல்கிற அதே வார்த்தை. போனை வைத்துவிட்டுச் சுவரோரமாகத் திரும்பி மறைந்தார். கேட்டுக்குப் போகும் வழியும் அதுதான். ஐந்து நிமிடம் கழித்து நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார், நல்ல டிரைவர்.

என் நாற்காலிக்கு இடம் குறித்திருக்கும், வடக்குச் சுவரை ஒட்டி. போய் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டி ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். அன்று ஆறு மணி வரை நூறு வாட்டுக்குக் குறையாமல் விட்டிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை, எண்பத்தொன்பதாம் நாள், மாலை நான் வெளியே வந்தபோது மேடம் ஷெட் வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். வாரம் ஒருமுறை வந்து அளவுகளை எடுத்துப்போவார். நாளையோடு முடிகிறது என்று சொல்லிச் சிரிப்பார் என நினைத்தேன். திரையை என் பக்கம் திருப்பினார்.

"புதன்கிழமை என்னப்பா நடந்தது? வடக்குச் சுவர், வெளிப்பக்கம், பதினேழாம் சென்சார்."

தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோடு பதினொன்று இருபதுக்குக் குபுக்கென்று ஏறியிருந்தது. பத்தொன்பது டிகிரியிலிருந்து இருபத்தொன்பது. பன்னிரண்டு மணிக்கு அது இறங்க, அதற்குக் கீழே தரையோரம் இருக்கும் பதினெட்டாம் சென்சார் ஏறியிருந்தது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இரண்டும் மெதுவாக ஆறின.

"யாரோ சாஞ்சு நின்னிருக்காங்க. அப்புறம் கீழ உக்காந்திருக்காங்க" என்றார்.

ஒன்றேகால் மணி நேரம். அந்தக் குளிரில்.

"உள்பக்கம் பாரு. அதே நேரம், அதே இடத்துல நீ சாஞ்சிருக்கே. நடுவுல நாலு விரக்கடைப் பலகை. அந்தப் பக்கத்துச் சூடு இந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட வரல." மேடத்தின் குரலில் பெருமை இருந்தது. இரண்டு வருட உழைப்பு. "அருமையான பலகைப்பா. எதையுமே கடத்தல."

"ஆமா மேடம்" என்றேன். "நல்ல பலகை."

அவர் பதிவேட்டைத் திறந்தார். குறுக்கீடு என்ற கட்டம் காலியாக இருந்தது.

"மனுஷன்னு எழுதினா கமிட்டிக்குப் போகும். அவங்க முதல்லருந்து வாங்கன்னுதான் சொல்வாங்க. ஆடுன்னு எழுதினா அந்த ரெண்டு சென்சாரை மட்டும் ஒதுக்கிட்டு நாளைக்கு முடிச்சுடலாம். போன வருஷம்கூட ஒரு ஆடு வந்து உரசிச்சு."

"பதினேழாம் சென்சார் தரையிலருந்து நாலரை அடி மேடம்."

"பெரிய ஆடு."

"முதுகால சாயுமா?"

"கமிட்டில யாரும் ஆடு வளக்கலப்பா." பேனாவை நீட்டினார். "உன் கையெழுத்துதான் வேணும். நாளைக்கழிச்சு வேலைல சேந்துடலாம்."

பேனாவை வாங்கினேன். 'ஆ' வரைக்கும் எழுதிவிட்டேன். தலையணைக் குழியையும் துண்டையும் வைத்தே அப்பாவைத் தெரிந்துகொண்டவன் நான். முதல் தடவையாக அவர் வந்து எவ்வளவு நேரம் இருந்தார் என்று நிமிடக் கணக்கோடு அரசாங்கப் பதிவில் இருக்கிறது. அதைப் போய் ஆட்டின் பெயரில் எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஆ'வை அடித்தேன்.

'வெளி வெப்ப மூலம்: ஒன்று. என் அப்பா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் அதைப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உள்ள விட்டிருக்கலாமேப்பா" என்றார். "எப்படியும் முதல்லருந்துதானே வரப்போகுது."

கமிட்டி நாலே நாளில் பதில் அனுப்பியது. அந்த வேகத்தைப் பார்த்து மேடமே பயந்துபோனார். முதலிலிருந்து. ஆளை மாற்றலாமா என்று கேட்டார்கள். நானே உட்காருகிறேன் என்றேன்.

அன்று மாலை ஏழு ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். எங்கோ வண்டியை ஓரம் கட்டியிருந்தார்.

"அன்னிக்கு இங்கருந்து உடனே கிளம்பிட்டீங்களாப்பா?"

"ஆமா. பின்ன?"

"பதினொண்ணு இருபதுலருந்து வடக்குச் சுவர்ல சாஞ்சு நின்னிருக்கீங்க. பன்னெண்டு மணிக்குக் கீழ உக்காந்தீங்க. பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு எழுந்து போனீங்க."

மறுமுனையில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"கேமரா வெச்சிருக்காங்களா?"

"இல்லப்பா. உங்க சூடு."

அப்பா மெதுவாகக் கேட்டார்:

"டேய், அப்போ அது நெஜமாவே ஆராய்ச்சிதானா?"

"ஆமாப்பா."

"லாரி ஆபீஸ்ல சொன்னதை மாத்திச் சொல்ல வேணாமில்ல?"

"வேணாம்."

"சரி, இரு" என்றார்.

ஏழு மணி. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பல்பு அணைந்தது. நாற்காலியைக் குறித்த இடத்தில் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் நாள்.