மிஸஸ் ஹஸ்கலுக்கென்று ஓர் எண்ணெய்க் கம்பெனி

1

இந்தக் கதை ஓர் அற்பக் கோபத்தில் பிறந்தது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை நாங்கள் மிஷோ குடும்பத்தின் கம்பெனியிடம்தான் வாங்கிவந்தோம். ஒருநாள் ஃபோனில் வெகுநேரம் பாட்டுப் போட்டு என்னைக் காக்கவைத்தார்கள். நான் கோபித்துக்கொண்டு, ஊரில் புதிதாக முளைத்திருந்த 'நல்ல அயலார்' கம்பெனிக்கு மாறிவிட்டேன். அடுத்த வாரம் லாரி வந்தது. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கியவர் ஒமெர் மிஷோ. நான் விட்டுவிட்டு வந்த கம்பெனியின் முதலாளி.

"ஒமெர், நீங்க எங்க இங்க?"

அவர் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டம்மா ஜன்னல்ல நிக்கிறாங்க. நான் இப்ப வால்ட்."

"வால்ட்டா?"

"வால்ட். உள்ள போங்க, குளிருது. அப்புறமா சொல்றேன்."

அப்புறமாகச் சொன்னார். அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. (இதைத் தமிழில் எழுதுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு மிஸஸ் ஹஸ்கலுக்குத் தமிழ் தெரியாது.)

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

"அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஆற்றங்கரை ஊரொன்றில், பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலை"

நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் பனி பெய்யாத காலை இருந்தால் அதுவல்லவா செய்தி.

"வில்ஃப்ரெட் மிஷோ கியூபெக்கிலிருந்து ஒரே ஒரு குதிரையுடன்"

இதுவும் வேண்டாம். குதிரை நுழைந்தால் கதை அதன் பின்னால் போய்விடும். குடும்பத் தொழில் வளர்ந்த கதையை அதைத் தொடங்கியவரிடமிருந்துதான் சொல்ல வேண்டும் என்பார்கள். வில்ஃப்ரெட் தொடங்கினார், உண்மைதான். ஒரே லாரியோடு தொடங்கி ஒரே லாரியோடு மகனிடம் ஒப்படைத்தார். கம்பெனியை வளர்த்தது அவர் இல்லை. ஒரு ருபார்ப் செடி.

ஆகவே இப்படித் தொடங்குகிறேன். மிஸஸ் வினிஃப்ரெட் ஹஸ்கல் கணவரை இழந்தவர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொய்யைச் சகிக்காதவர். தெருவுக்கும் அவர் வீட்டுச் சுவரில் எண்ணெய் ஊற்றும் வாய்க்கும் நடுவே அவருடைய ருபார்ப் பாத்தி இருந்தது; அதன் புளிப்புத் தண்டைச் சர்க்கரை சேர்த்துச் சமைப்பார்கள். மிஷோ கம்பெனி ஓட்டுநர் அதன்மேல் குழாயை இழுத்துவிட்டார். மிஸஸ் ஹஸ்கல் ஃபோன் செய்தார். எடுத்தது ஒமெர். அப்பாவின் நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தவர்.

"ருபார்ப்தானேம்மா. கொல்லையில தானா முளைக்கிறதுதானே" என்றார்.

குழாயை மிஸஸ் ஹஸ்கல் மன்னித்திருப்பார். இதை மன்னிக்கவில்லை. அன்றே பெல்கி கம்பெனிக்கு மாறினார்.

3

அந்தக் கம்பெனி முதலாளி பெல்கிக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் இல்லை. லாரியில் ஏறி இறங்க முடியவில்லை என்று ஒமெரிடம் வந்து நின்றார். ஒமெர் கம்பெனியை வாங்கிக்கொண்டார். 'என் பேரை மட்டும் அழிச்சிராதே' என்று கிழவர் கேட்டதால் லாரிக் கதவில் பெல்கி என்ற பலகையைத் தொங்கவிட்டார். வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, அங்கே மிஸஸ் ஹஸ்கல் இருந்தார்.

ரசீதில் மிஷோ என்று அச்சாகிவிட்டதை அவர் கவனித்தார். அடுத்த கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனிக்காரருக்கு மனைவி இறந்துபோய் மனசு விட்டுப்போயிருந்தது. ஒமெரிடம் வந்து நின்றார். இன்னொரு பெயர்ப்பலகை.

அதற்கு அடுத்த கம்பெனியை மிஸஸ் ஹஸ்கல் ஏன் விட்டார் என்று ஒமெருக்கே நினைவில்லை. நான் சில காரணங்களை எழுதிப் பார்த்தேன். கேட்டைத் திறந்துபோட்டார்கள், பூனையை விரட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து மணியடித்தார்கள். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். விளைவு ஒன்றுதான். அதையும் ஒமெர் வாங்கினார்.

ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. மிஸஸ் ஹஸ்கல் எந்தக் கம்பெனியில் சேர்கிறாரோ அது சீக்கிரம் விலைக்கு வந்துவிடும். எண்ணெய் வேண்டுமென்று அவர் ஃபோன் செய்தாலே முதலாளிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா மேடம்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"அப்பா, அந்தம்மாவைப் பங்குதாரரா சேத்துக்கலாம்" என்றாள் ஒமெரின் மகள் பாலெட். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். "நம்ம விஸ்தரிப்புத் திட்டமே அவங்கதான்."

(இந்த இடத்தில் எனக்கு ஒமெர்மேல் சந்தேகம் வந்தது. இத்தனை கம்பெனிகளை ஒருவன் இரக்கத்தாலா வாங்குவான்? ஆசையும் இருந்திருக்கும். ஆனால் வாங்கிய எந்தக் கம்பெனியிலும் ஒரு வேலையாளைக்கூட அவர் வெளியே அனுப்பவில்லை. அதனால் சந்தேகத்தை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டேன்.)

4

கடைசியில் ஊரில் வேறு கம்பெனியே இல்லை என்றாயிற்று. மிஸஸ் ஹஸ்கல் எல்லாரையும் விட்டுவிட்டார். அந்தக் குளிர்காலம் அவர் எண்ணெயே வாங்கவில்லை.

சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அடுப்பின் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் கால் நீட்டியிருந்தார். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துத் தரையெல்லாம் பனிக்கட்டி. நான் சூப் கொண்டுபோனேன். "எனக்கொண்ணும் குளிரலை" என்றார். ஒவ்வொரு சொல்லும் புகையாக வந்தது. உதடு நீலம்.

பயந்துபோய் ஒமெரிடம் சொன்னேன். அவர் லாரியை அனுப்பினார். மிஸஸ் ஹஸ்கல் பனி அள்ளும் மண்வாரியோடு வாசலில் நின்று திருப்பி அனுப்பினார். சனிக்கிழமை ஒமெர் வீட்டில் வழக்கமான பீன்ஸ். தட்டு அப்படியே இருந்தது.

"இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கணும்" என்றார்.

"எதுக்குப்பா?" என்றாள் பாலெட்.

"மிஸஸ் ஹஸ்கலுக்கு."

"ஒரே ஒரு ஆளுக்கா?"

"சின்னதாத்தான்."

"யாரோட போட்டி போடப்போகுது?"

"நம்மளோடதான்."

பாலெட் தகப்பனின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நம்மளை ஜெயிச்சிரக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

5

ஜெயித்துவிட்டது.

'நல்ல அயலார்' கம்பெனிக்கு ஒரு லாரி, ஒரு தனி ஃபோன், வால்ட் என்று ஒரு ஆள். ஃபோனில் வால்ட்டின் குரல் ஒமெருடையதைவிடக் கனமாக இருக்கும். ஒமெரை மிஸஸ் ஹஸ்கல் நேரில் பார்த்ததே இல்லை. அதனால் வால்ட்டை உள்ளே கூப்பிட்டு, வெல்லப்பாகு பிஸ்கட்டும் காப்பியும் கொடுத்து, எதிரே உட்கார்ந்து ஒமெரைத் திட்டுவார்.

"அந்த ஒமெர் மிஷோவை உங்களுக்குத் தெரியுமா வால்ட்?"

"பழக்கம் உண்டு."

"ஆள் எப்படி?"

"காலைல சவரம் பண்ணும்போது பார்த்தேன். சுமாராத்தான் இருந்தான்."

"சவரம் பண்ணிக்கிட்டு வந்து என்ன? ஃபோன்ல பாட்டுப் போட்டு மனுஷங்களை நிக்கவைக்கிறானாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு."

மறுநாளே மிஷோ கம்பெனி ஃபோனில் பாட்டு நின்றது. ஓட்டுநர்கள் கேட்டைச் சாத்துவதில்லை என்றார் மிஸஸ் ஹஸ்கல். எல்லா ஓட்டுநர்களுக்கும் உத்தரவு போனது. வயதானவர்களிடம் கத்திப் பேசுகிறார்கள் என்றார், அதுவும் நின்றது. ஒரு முதலாளிக்கு இவ்வளவு உண்மையை, அதுவும் பிஸ்கட்டோடு, வேறு யார் சொல்வார்கள்? மிஷோ கம்பெனி பக்கத்து ஊர்களுக்கும் வளர்ந்தது.

ஆனால் அவர் வால்ட்டைப் புகழ்ந்த வேகம் அதைவிட அதிகம். தேவாலயத்தில், நூலகத்தில், மருந்துக்கடை வரிசையில். பாதி ஊர் 'நல்ல அயலாரு'க்கு மாறியது. ஒமெர் ஒரு ஃபோனில் "உங்களை இழக்கிறது வருத்தமா இருக்கு" என்று சொல்லி வைப்பார். உடனே மற்ற ஃபோன் அடிக்கும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்பார். அதே ஆளிடம்.

6

(எண்ணெய் துறைமுகத்திலிருந்து எப்படி வருகிறது என்று இங்கே ஒரு பகுதி எழுதியிருந்தேன். மிகவும் பயனுள்ளது. என் மனைவி படிக்கும்போதே தூங்கிவிட்டாள். எடுத்துவிட்டேன்.)

7

சிரிப்பெல்லாம் சரி. ஒமெருக்கு உறக்கம் போயிற்று. பொய்யை வெறுக்கும் ஒரு மனுஷியின் மேஜையில் உட்கார்ந்து அவர் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே பொய்யனாக இருக்கிறோமே என்ற குத்தல். சொன்னால் அவர் மறுபடியும் எண்ணெயை நிறுத்திவிடுவார். இன்னொரு குளிர்காலம் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். தவக்காலம் தொடங்கியதும் ஒமெர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஃபாதர் சிருவாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

பாவசங்கீர்த்தனக் கூண்டின் தட்டிக்கு அப்பால் ஃபாதர் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப 'நல்ல அயலார்' நீதானா?"

"ஆமா ஃபாதர்."

"பங்குவீட்டுக்கு எண்ணெய் வாங்குறதை நாங்களும் உன்கிட்டேயிருந்து அங்க மாத்திட்டோம். உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னு சங்கடமா இருந்துச்சு."

"தெரியும் ஃபாதர். ஃபோனை எடுத்தது நான்தான்."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். "பொய்யை நிறுத்து, ஒமெர். ஆனா அந்தம்மா வீட்ல சூடு நிக்கக் கூடாது. ரெண்டையும் சேத்து எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியலை. அதுக்காக ஜெபம் பண்றேன்."

ஒமெர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். இன்றுவரை அவர் பக்கத்து வீட்டுக்கு வால்ட்டாகத்தான் வந்துபோகிறார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உள்ளே போகிறார். வாயில் பிஸ்கட்டோடு வெளியே வருகிறார். இனி வருவது என்னுடைய கற்பனை.

8

ஒமெர் அன்று சொல்லியே தீர்வது என்று போனார். மிஸஸ் ஹஸ்கல் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

"வால்ட், ஒரு உதவி. உங்க லாரியில என்னை ஏத்திக்கிட்டுப் போகணும்."

"எங்க?"

"மிஷோ ஆபீசுக்கு. அந்த ஒமெர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

ஒமெர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா உங்க எதிர்லயே அவனைத் திட்டித் தீத்தேன். நீங்க அவனுக்குப் போட்டிக்காரர். ஒரு தடவை 'ஆமா'ன்னு தலையாட்டியிருந்தாக்கூட உங்களுக்கு லாபம். அவனைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லலையே நீங்க. அதைப் பாக்கப் பாக்க எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு ருபார்ப் செடிக்கு இவ்வளவா?"

(பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். மனிதன் தன்னைப் பற்றியே எப்படிக் கெட்டதாகச் சொல்வான்? மிஸஸ் ஹஸ்கலைத் திருத்திய நற்குணம் ஒமெரிடம் இல்லவே இல்லை. ஆனால் அவர் திருந்தியது மெய். ஆண்டவர் இப்படியும் காரியம் நடத்துவார் போலிருக்கிறது.)

"மிஸஸ் ஹஸ்கல், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"போற வழியில சொல்லுங்க. கோட்டுக்குள்ள வேர்க்குது எனக்கு."

வழியில் ஒமெர் சொல்லவில்லை. மிஸஸ் ஹஸ்கல் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். குறுக்கே பேச ஒமெருக்கு மனம் வரவில்லை.

9

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வால்ட்தான் ஒமெர் என்று மிஸஸ் ஹஸ்கலுக்கு முதலிலிருந்தே தெரியும். என் நண்பர் ஒருவர் இதுதான் முடிவு என்று அடித்துச் சொன்னார். எனக்கு மனமில்லை. தெரிந்துகொண்டே பிஸ்கட் சுடுகிறவர் இல்லை அவர். அப்படியானால் அன்று கோட்டுக்குள் அவருக்கு வேர்த்தது எதற்கு?

வேறொன்று: பாலெட் நிலைமையைப் புரிந்துகொண்டு, கொதிகலன் பழுதுபார்க்கும் ஆளை ஒமெரின் நாற்காலியில் உட்காரவைக்கிறாள். மிஸஸ் ஹஸ்கல் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். இதை எழுதி வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கிழித்தேன். இத்தனை வருடம் கழித்து வரும் கண்ணீர், யாரென்றே தெரியாத ஒருவர் மடியில் விழுவதா?

கடைசியில், ஒமெர் உண்மையைச் சொல்கிறார், மிஸஸ் ஹஸ்கல் திரும்பி நடக்கிறார், வீட்டுக்குப் போய்

இதை முடிக்கவில்லை. அது என் பக்கத்து வீடு. அந்தப் புகைபோக்கியைத் தினமும் பார்ப்பவன் நான்.

10

ஆகவே லாரி மிஷோ அலுவலக முற்றத்தில் நிற்கிறது. ஒமெர் சுற்றிவந்து கதவைத் திறந்திருக்கிறார். படி உயரம். மிஸஸ் ஹஸ்கல் கைப்பையை இடுக்கிக்கொண்டு, மற்ற கையை அவரிடம் நீட்டியிருக்கிறார், ஒமெர் பிடித்திருக்கிறார். அலுவலக வாசலில் பாலெட் வந்து நிற்கிறாள். 'அப்பா' என்று கூப்பிட வாய் திறந்துவிட்டாள்.

இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. நீங்கள் எழுதுங்கள். பாலெட் கூப்பிடட்டும், அல்லது வாயை மூடிக்கொள்ளட்டும். ஒமெர் சொல்லட்டும். மிஸஸ் ஹஸ்கல் திட்டட்டும், சிரிக்கட்டும், அதே லாரியில் திரும்பிப் போகட்டும். நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஒரு வேண்டுகோள் மட்டும். முற்றம் முழுக்க ஐஸ். அவர் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்வரை ஒமெரைக் கையை விடச் செய்யாதீர்கள்.