அளவு இரண்டே முக்கால்

கிராம்பு வாசனையேதான், போன கார்த்திகைக்குப் போய்விட்டு வந்த கொட்டான், ஒரு வருஷம் பரணில் கிடந்தும் மூலையில் இன்னும் கிராம்பு மணக்கிறது... இராமலட்சுமி ஓலைக்கொட்டானுக்குள் முகத்தை விட்டு இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். கோயிலுக்குப் போன கொட்டான் என்றால் திருநீறு மணக்க வேண்டும், வாடின பூ ஒன்றாவது ஓலை இடுக்கில் ஒட்டியிருக்க வேண்டும், கிராம்பு எந்தச் சாமி கொடுக்கிற பிரசாதம்? பலகாரம் வந்த பெட்டியை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு மஞ்சளோ வீட்டில் இருக்கிற எதையோ போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி, அடுக்களை உள்ள ஒருத்தி, டப்பாவைத் திறந்து ஒரு பிடி கிராம்பை அள்ளிப் போட்டிருக்கிறாள். அத்தை அந்தக் கிராம்பை வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்தாளே, ஒன்றை எடுப்பாள், மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாள், கடிக்காமல் திரும்பவும் உள்ளே போட்டுவிடுவாள், பல்வலிக்கு என்று சொல்லிக்கொள்வாள், பல்வலிக்காரி மோந்து பார்ப்பாளா கடிப்பாளா... அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆடியில் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி யாரைக் கேட்பது?

இவரைக் கேட்டால் ஆயிற்றா? காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது தினசரிக் காலண்டரில் நவம்பர் முப்பதைக் கிழித்தார், டிசம்பர் பிறந்தாச்சு, மழை வலுக்குமுன்னே போய்வந்திரணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், கிழித்த தாளின் பின்பக்கம் வாத்தியார் எழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி நீட்டினார், பொரி ஒரு படி, கருப்பட்டி நாலு வட்டு, தேங்காய் இரண்டு, பனங்கிழங்கு ஒரு கட்டு, அகல் ஐந்து, வளையல் ஒரு டஜன், பச்சை, அளவு இரண்டே முக்கால். "சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் குத்தாலம் போயிட்டு வாரேன், கொட்டான்ல எடுத்து வச்சிரு." யாருக்குங்க என்றால், "கோயிலுக்கு." வளையலுமா? "அம்மனுக்கு." சொல்லும்போது அவர் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார், காலையில் ஒருமுறை துடைத்த பெல். அவள் விடவில்லை, "அம்மனுக்கு வளையல் அளவெல்லாம் பாத்தா போடுதாவ?" என்றாள். அவர் பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார். இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அவளுடைய வளையல் அளவு என்ன என்று அவரை எழுப்பிக் கேட்டால் முழிப்பார், இரண்டே கால் என்று அவருக்குத் தெரியாது, எவளோ ஒருத்தியின் இரண்டே முக்கால் மட்டும் நெட்டுருவாகத் தெரிகிறது!

பத்து மணிக்கு வந்த வளையல்கார முகம்மது கனி அண்ணாச்சியே சிரித்துவிட்டார். "இரண்டே முக்காலா? உங்க கை ரெண்டையும் சேத்துல்லா போடலாம்! இது எலும்பு தடிச்ச கையிம்மா, வெறகு சுமந்த கை, இல்லேன்னா மம்பட்டி பிடிச்ச கை." அவர் போன பிறகு பச்சை வளையல் ஒன்றைக் கையில் போட்டுப் பார்த்தாள், முழங்கை வரைக்கும் தங்கு தடையில்லாமல் ஏறியது, கையைத் தொங்கவிட்டதும் சரசரவென்று இறங்கி வந்தது, பிடிக்காமல் விட்டிருந்தால் தரையில் விழுந்து நொறுங்கியிருக்கும். விட்டிருக்கலாமோ... சீசனில் போனாலாவது ஒரு நியாயம் உண்டு, ஆனி ஆடியில் சாரல் அடிக்கிறபோது ஊரே குற்றாலத்தில் கிடக்கும், அப்போது இவர் போகமாட்டார், கூட்டம் என்பார். கார்த்திகை மாசம் கடையெல்லாம் கீற்றுப் போட்டு மூடிக் கிடக்கிற குற்றாலத்தில் என்ன வைத்திருக்கிறார், யாரை வைத்திருக்கிறார்? சே, என்ன புத்தி இது, அத்தையும் கூட இருந்துதானே அனுப்பினாள், பெற்ற தாய் அதற்கெல்லாமா பெட்டி கட்டிக் கொடுப்பாள்... கொடுப்பாள், ஏன் கொடுக்க மாட்டாள், மகன் கெட்டாலும் மானம் கெடக் கூடாது என்று கட்டிக் கொடுக்கிற தாய்கள் இல்லையா? போன வருஷம் அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்ததும் அத்தை கொட்டான் மேல் துண்டைப் போட்டு மூடினாளே, சாமிக்குப் போகிறது, கண் படக் கூடாது என்றாளே.

கருப்பட்டியை ஓலையில் பொதிந்து அடியில் வைத்தாள், தேங்காயை இரண்டு பக்கமும் வைத்தாள், நடுவில் அகல். கை தானாக அடுக்கிக்கொண்டே போகிறது, புருஷன் எவளுக்கோ கொண்டுபோகிற பெட்டியைக்கூட அழகாக அடுக்கத்தான் கைக்குத் தெரிகிறது. முற்றத்தில் மழை விடாமல் பெய்தது, ஓட்டு விளிம்பிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்தால் எப்போதும் ஒரே ஞாபகம்தான் வரும் அவளுக்கு, சுந்தரபாண்டியபுரத்து வீட்டுக் கிணற்றடி, எட்டு வயசு, இதேபோல மழை, அப்பா வேட்டியும் துண்டுமாக நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார், மழையில் நனைகிறவர் எதற்குக் குளிக்கிறார் என்று அவளுக்குச் சிரிப்பு வருகிறது. யாரும்மா செத்துப்போயிட்டா? யாரும் சாகலை, உள்ள போ என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். யாருமே சாகாமல் அப்பா ஏன் தலைமுழுகினார் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை... இப்போது அது எதற்கு?

பட்டியலில் மஞ்சள் இல்லை. குங்குமமும் இல்லை. தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், அம்மனுக்கு என்றால் முதலில் எழுதுவது அதுதானே, வளையலை எழுதத் தெரிந்தவருக்குக் குங்குமம் எப்படி மறக்கும்? மறந்ததா, வேண்டாம் என்று விட்டதா? வளையல் போடலாம், பொட்டு வைக்கக் கூடாதா, இது என்ன கணக்கு, யார் அந்தக் கணக்கில் வருகிறவள்...

வாசலில் குரல் கேட்டது. பொரி கொண்டுவந்த ஆவுடைத்தாய், நனைந்த சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறிவிட்டுக் கடகத்தை இறக்கினாள். "என்ன தாயி, கேத வீட்டுல பொரி கேக்கிய? பெரியாச்சி போயி இன்னும் வருசம் திரும்பலியே, இந்தக் கார்த்திக ஒங்களுக்குக் கெடையாதுன்னுல்லா நெனச்சேன்."

"கோயிலுக்கு ஆவுடைத்தாயி."

"நல்லாருக்கு போங்க!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வெற்றிலைச் சாற்றை முற்றத்து மழையில் துப்பிவிட்டு வந்தாள். "கேத வீட்டுப் பொரிய எந்தக் கோயில்ல வாங்குவாவ? பக்கத்து வீட்டுக்காரி தொடமாட்டா, சாமியா தொடும்? வருசம் கழியுத வரைக்கும் இந்த வீட்டுப் பண்டம் பொறந்த மவளுக்கு மட்டுந்தான் போவும். அவளுக்கு ஆத்தா வீட்டுச் சீரு, அதுக்குத் தீட்டு கெடையாது. அவ கொட்டான் மட்டும் எந்தக் கேதத்துலயும் நிக்கக் கூடாது, தெரியாதா தாயி ஒங்களுக்கு, எட்டாங்கிளாசு படிச்சு என்னத்துக்கு?"

"இந்த வீட்டுல பொறந்த மக யாரு இருக்கா? அவியதான் ஒத்தப்பிள்ளையாச்சே."

ஆவுடைத்தாயின் கை படிக்குள் நின்றுவிட்டது. மழையைப் பார்த்தாள், கொட்டானைப் பார்த்தாள், பச்சை வளையலைப் பார்த்தாள். பிறகு படியைத் தலை தட்டாமல் கோபுரமாக அளந்து கொட்டி, கேட்காமலே இரண்டு கை அள்ளி மேலே போட்டாள். "பெரியாச்சி இருந்தா போடச் சொல்லும், கொழலுக்குப் பொரின்னா உசிரு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் பொரி அளக்க வந்தவ தாயி, எனக்கு என்ன தெரியும்," என்று சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மழை விடுவதற்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

கொழல். குழல்வாய்மொழி. அந்தப் பெயரை எங்கே கேட்டாள்... கிணற்றடிதான், அதற்கு முந்தின மத்தியானம், கூடத்தில் ஏழெட்டுப் பெரியவர்கள், நடுவில் அப்பா, அப்பாவின் குரல், தாலியறுத்தவளுக்கு மறுபடியும் ஒருத்தன் தாலி கட்டுவானாம், அதையும் நாம பாத்துக்கிட்டு இருக்கணுமோ, அந்த வீட்டுல இனி யாரும் கை நனைக்கக் கூடாது, இல்லேன்னா பெத்தவங்க அவளைத் தலைமுழுகணும். அடுக்களையில் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் குசுகுசுவென்று, தென்காசிப் பிள்ளை, பேரு குழல்வாய்மொழியாம், பதினெட்டு வயசுதானாம், பாவம்... பெற்றவர்கள் தலைமுழுகினார்கள், சபையில் இருந்த பெரியவர்களும் முழுகினார்கள். யாருமே சாகவில்லை, அம்மா பொய் சொல்லவில்லை! உயிரோடு இருக்கிற ஒருத்திக்காகத்தான் அப்பா மழையில் நின்று குளித்தார். தென்காசிப் பிள்ளை. இந்த வீடு. இந்தக் கூடத்தில்தான் ஓடியாடியிருப்பாள், இந்த அம்மியில் அரைத்திருப்பாள்... இவருக்கு மூத்தவள். இப்போது முப்பது வயசு இருக்கும், குற்றாலத்துப் பக்கம் ஏதோ கிராம்புத் தோட்டத்தில் மம்பட்டி பிடித்துப் பிடித்து எலும்பு தடித்து, அளவு இரண்டே முக்கால்.

இராமலட்சுமி கொட்டானின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் உடைத்த கைக்குத் திரும்பவும் பச்சை வளையல், பெற்றவள் அனுப்பியிருக்கிறாள், வருஷா வருஷம், ஆனால் குங்குமம் மட்டும் வைக்கக் கை வரவில்லை, அது அத்தையின் பட்டியல், இவர் அதை அப்படியே எழுதியிருக்கிறார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது, சிரிக்கக்கூடத் தோன்றியது, எவள் எவள் என்று கிடந்து தவித்தாயே, நாத்தனார்டி, மூத்த நாத்தனார்... ஆனால் அந்தச் சிரிப்பு வாய் வரைக்கும் வரவில்லை. அவளிடம் ஏன் சொல்லவில்லை? அத்தை ஏன் துண்டைப் போட்டு மூடினாள்? சாமிக்குக் கண் படும் என்றா, சபையில் தீர்ப்புச் சொன்ன ஞானசம்பந்தம் பிள்ளை மகளின் கண் படும் என்றா? ஒரு காலைப்பொழுது இவரைச் சந்தேகப்பட்டதற்கே அவளுக்கு நெஞ்சு எரிந்தது, இவர்கள் இரண்டு வருஷமாக அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே, ராமு ராமு என்று வாய் நிறையக் கூப்பிட்டு, தலைவலி என்றால் பத்துப் போட்டு, அவள் கை வைத்த சோற்றைச் சாப்பிட்டு... இது அப்பன் வீட்டில் போய்ச் சொல்லிவிடும் என்று. சொல்லியிருப்பாளா? நிஜமாகவே, போன வருஷம் தெரிந்திருந்தால், வாய் தவறியாவது... தெரியவில்லை.

குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். காலண்டர் தாளில் பட்டியல் இருந்த பாதியைக் கிழித்து மாடத்தில் வைத்துவிட்டு, நவம்பர் முப்பது என்று பாதி தெரிகிற மிச்சத் தாளில் குங்குமத்தைக் கொட்டி மடித்தாள், ஒரு துண்டு மஞ்சளும் சேர்த்து வளையல்களின் நடுவே, பார்த்ததும் தெரிகிற மாதிரி வைத்தாள். இவர் பார்த்தால் என்ன சொல்வார்? பெல்லைத் துடைப்பார்.

அப்போதுதான் வாசலில் வண்டி நின்றது. "ஏட்டி, இராமு!" அப்பாவின் குரல். குடையை மடக்கிக்கொண்டு ஞானசம்பந்தம் பிள்ளை உள்ளே வந்துவிட்டார், கையில் தூக்குப் போணி. "கேத வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுல்லா, ஒங்கம்மை அப்பம் சுட்டுக் குடுத்துவிட்டா." கொட்டானை இழுத்து மறைக்க நேரமில்லை, முந்தானையை விரிக்கலாமா, முறத்தைக் கவிழ்க்கலாமா, அத்தை போட்ட அந்தத் துண்டு எங்கே... மறைக்கிறதற்கு அவள் யார், மறைக்காமல் இருக்கிறதற்குத்தான் அவள் யார்? தீட்டு வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டதற்காகப் பெரியப்பாவோடு ஆறு மாசம் பேசாதவர் அப்பா, துக்க வீட்டில் பொரி எதற்கு என்றுதான் முதலில் கேட்பார், யாருக்கு என்று அடுத்தது கேட்பார், கோயிலுக்கு என்றால் ஆவுடைத்தாயைவிடப் பலமாகச் சிரிப்பார். கேட்கட்டும். பொய் சொல்வதா, மெய் சொல்வதா, எதைச் சொன்னாலும் இன்று சாயந்திரம் இவர் முகத்தில் எப்படி முழிப்பாள்...

அப்பா கொட்டானைப் பார்த்தார். பொரியை, பச்சை வளையலை, வளையலுக்கு நடுவே இருந்த காலண்டர் பொட்டலத்தை. பொட்டலத்தில் குங்குமம் இலேசாகச் சிவந்து கசிந்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொரியை இப்படித் தொறந்து போட்டா நமுத்துப் போகும்ட்டி," என்றார். "வாழை எலை அறுத்து மேல மூடிக் கட்டு. ஐந்தருவி ரோட்ல, பாலம் தாண்டினதும் சாரல் மூஞ்சியில அடிக்கும்."

சரிப்பா என்று கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டாள். மழை தலையில் விழுந்தது, நல்லதாக ஓர் இலையைப் பார்த்துக் கையை வைத்தாள், வைத்த கை அங்கேயே நின்றது. ஐந்தருவி என்று அவள் சொல்லவில்லையே, குற்றாலம் என்றுகூடச் சொல்லவில்லை, இவர்கூடப் பட்டியலில் எழுதவில்லை, அவளுக்கே தெரியாத ஐந்தருவி ரோடு, பாலம்... அம்பாசமுத்திரத்து வரன் வேண்டாம், தென்காசிதான் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாரே, வாத்தியார் வேலைக்காக என்றுதானே நினைத்தாள். எதற்காக அவளை இந்த வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார், எத்தனை மழைக்காலம் அந்தப் பாலம் வரைக்கும் போனார், பாலத்தோடு திரும்பினாரா, தாண்டியும் போனாரா...

"ஏட்டி, மெதுவா அறு," உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, "கிழிஞ்சிரப் போகுது."